மூவாயிரம் அடிச் சரிவு: பைகாரா மின்சாரம் பிறந்த கதை

குயிலாப்பாளையத்தில் தண்ணீர் விழுவதற்கு இடமே கிடையாது. கடற்கரைச் சாலையிலிருந்து ஊருக்குள் ஏறினால் செம்மண் மேடு, முந்திரித் தோப்பு. ஐப்பசி மழையில் அந்த மேட்டை அறுத்துக்கொண்டு செந்நீர் ஓடும். மழை விட்டதும் ஓட்டமும் நின்றுவிடும். வடக்கே மரக்காணம் வரை போனால் அந்தச் சரிவும் இல்லை. உப்பளத்தில் தண்ணீர் ஓடக் கூடாது, நிற்க வேண்டும். பாத்திக்குப் பாத்தி மட்டம் பார்த்து நிறுத்தி, வெயிலில் காயவிடுவதுதான் அங்கே தொழில்.

இப்படிப்பட்ட தட்டைக் கரையில் உட்கார்ந்து மலைநீர் மின்சாரத்தைப் பற்றி எழுத ஒரு காரணம் இருக்கிறது. இந்தப் பகுதி அந்தக் காலத்தில் தென்னார்க்காடு மாவட்டம். சேலம், திருச்சி, தஞ்சாவூர், வட ஆர்க்காடு, தென்னார்க்காடு என்று சமவெளி மாவட்டங்களுக்கு அரசாங்கக் கம்பி நீண்டது 1937இல் ஓடத் தொடங்கிய மேட்டூர் பவர் ஹவுஸிலிருந்து. அந்த மேட்டூருக்கு ஓர் அண்ணன் உண்டு, நீலகிரியின் பைகாரா. 1932இல் பிறந்தது. சென்னை மாகாண அரசு கட்டிய முதல் பெரிய நீர்மின் நிலையம் அதுதான். அண்ணன் துணையில்லாமல் தம்பியால் வருஷம் முழுக்க ஓடியிருக்க முடியாது. அது ஏன் என்று பின்னால் வருகிறது.

நீரை வைத்துச் சக்கரம் சுற்றுவது பைகாராவில் தொடங்கிய வித்தை அல்ல. அமெரிக்காவின் ஆப்பிள்டன் நகரில் 1882 செப்டம்பரில் ஓர் ஆற்றோர நிலையம் விளக்கெரித்துக் காட்டியது. டார்ஜிலிங்கின் சித்ராபோங்கில் 1897இல் 130 கிலோவாட் அளவில் ஒன்று வந்தது. 1902இல் மைசூர் சமஸ்தானம் காவிரியின் சிவசமுத்திரத்தில் மின்சாரம் எடுத்து, சுமார் 90 மைல் தள்ளியிருந்த கோலார் தங்கவயலுக்கு அனுப்பியது. திவான் சேஷாத்ரி ஐயர் காலத்தில் தொடங்கிய திட்டம் அது. காவிரி தமிழ்நாட்டுக்குள் நுழைவதற்கு முன்பே முதல் கூலி வேலையைச் செய்து முடித்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

நம் பக்கத்திலும் சில்லறை முயற்சிகள் இருந்தன. பாபநாசத்தில் ஹார்வி சகோதரர்களின் பஞ்சாலை, பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலேயே தாமிரபரணி விழும் வேகத்தில் ஓடியது. மின்சாரமாக மாற்றாமல், நீர்ச் சக்கரத்தின் சுழற்சியை நேரே ஆலைக்குள் கொண்டுபோன ஏற்பாடு. குன்னூர் அருகே காட்டேரி அருவி, இருபதாம் நூற்றாண்டு பிறந்த கையோடு அரவங்காட்டு வெடிமருந்துத் தொழிற்சாலைக்கு மின்சாரம் தந்தது. ஆனால் ஊருக்கும் வயலுக்கும் யாரும் தரவில்லை. வெள்ளைக்காரத் துரையின் பங்களாவிலும் பட்டாளத்தின் ஆலையிலும் எரிந்த விளக்கு, பொள்ளாச்சிக் குடியானவனுக்கு என்ன வெளிச்சம் தந்திருக்கும்?

சென்னை மாகாணத்துக்கு ஒரு பெருங்குறை, நிலக்கரி. நெய்வேலி அப்போது வெறும் நிலம். கோவை, மதுரை ஆலைகளின் நீராவி எந்திரங்களுக்கான கரி வங்காளத்திலிருந்து வர வேண்டும். கரியின் விலையைவிட அதைக் கொண்டுவரும் கூலி கடித்தது. மேற்கு மலையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. 1920களில் மாகாண நிர்வாகக் குழுவில் இருந்த சி.பி. ராமசாமி ஐயர், மேட்டூர் அணை, பைகாரா மின்சாரம் இரண்டையும் விடாமல் முன்னுக்குத் தள்ளினார். 1927இல் மின்சாரத்துக்கென்று தனித் துறை அமைந்தது, எச். ஜி. ஹோவர்ட் அதன் தலைமைப் பொறியாளர். 1929இல் பைகாராவில் வேலை தொடங்கியது. உலகமெங்கும் பணம் வற்றிய பொருளாதார மந்தம் அதே வருஷத்தில்தான் பிறந்தது. இந்த இரட்டைப் பிறப்பை யாரும் திட்டமிட்டிருக்க முடியாது. ஆனால் பின்னால் நடந்தவற்றுக்கு இரண்டும் சேர்ந்தே காரணம்.

பைகாரா ஆறு முக்கூர்த்தி மலையில் பிறக்கிறது. தோடர்களுக்குப் புனிதமான ஆறு. அதைக் கடப்பதற்குக்கூட அவர்களிடம் விதிகள் இருந்தன. ஆற்றை அளக்க வந்த பொறியாளர்களின் கண்ணில் பட்டது வேறு விஷயம். நீலகிரிப் பீடபூமி வடக்கே சட்டென்று முடிகிறது. மேலே கிளென்மார்கன், கீழே முதுமலைக் காட்டை ஒட்டிய சிங்காரா. இரண்டுக்கும் இடையே செங்குத்தாக மூவாயிரம் அடிக்குமேல், சுமார் 939 மீட்டர். ஆறு தன் போக்கில் சுற்றி வளைத்து அருவி அருவியாக இறங்குகிறது. அந்தத் தண்ணீரைப் பீடபூமியின் விளிம்புக்குத் திருப்பிக் குழாயில் போட்டால், ஒரே மூச்சில் இறங்கிவிடும். அந்தக் காலத்தில் உலகத்திலேயே இவ்வளவு உயரத்திலிருந்து நீரை இறக்கி மின்சாரம் எடுத்த நிலையங்கள் சிலவே.

உயரத்துக்கு ஏன் இவ்வளவு மரியாதை என்று கேட்டால் ஒரு சின்னக் கணக்கு போதும். நொடிக்கு ஒரு கன மீட்டர் தண்ணீர், அதாவது ஆயிரம் லிட்டர், 40 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால், எந்திர நஷ்டம் போக 350 கிலோவாட் அளவுக்குத் தேறும். அதே தண்ணீர் 939 மீட்டரிலிருந்து விழுந்தால் 8 மெகாவாட். பெரிய ஆற்றங்கரைக்காரனுக்கு நீர் ஏராளம், உயரம் இல்லை. மலைக்காரனுக்கு ஓடை சின்னது, உயரமே முதல்.

அந்த முதலைக் கையாள்வதுதான் கஷ்டம். 939 மீட்டர் நீர்க்கம்பத்தின் அடியில், ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் 94 கிலோ அழுத்தம் உட்காரும். கட்டைவிரல் நகம் அளவு இடத்தில் ஓர் ஆள் ஏறி நிற்பதைவிட அதிகம். குழாயின் மேல்முனையில் மெல்லிய தகடு போதும். கீழே வர வர இரும்பு தடித்துக்கொண்டே போக வேண்டும். அந்தக் குழாய்களைத்தான் பவர் ஹவுஸ்காரர்கள் பென்ஸ்டாக் என்கிறார்கள். அடியில் குழாய் ஒரு மூக்காகக் குறுகி, அதிலிருந்து பீறிடும் நீர்த்தாரை மணிக்கு 480 கிலோமீட்டர் வேகத்தை நெருங்கும். அந்த வேகத் தண்ணீரில் கை வைத்தால் கை இருக்காது.

இந்தத் தாரையை வாங்கிக்கொள்ளும் சக்கரத்தைக் கண்டுபிடித்தவர் கலிஃபோர்னியத் தங்கச் சுரங்கங்களில் தச்சு, எந்திர வேலை பார்த்த லெஸ்டர் பெல்டன். 1880இல் காப்புரிமை வாங்கினார். சக்கரத்தின் விளிம்பில் வரிசையாகக் கிண்ணங்கள். ஒவ்வொரு கிண்ணத்தின் நடுவிலும் ஒரு கூரிய முகடு. தாரை முகட்டில் பட்டு இரண்டாகப் பிரிந்து, கிண்ணத்தின் வளைவில் முழுக்கத் திரும்பி, இருந்த வேகத்தையெல்லாம் சக்கரத்திடம் கொடுத்துவிட்டுச் சோர்ந்து கீழே விழும். நல்ல பெல்டன் சக்கரத்திலிருந்து வெளியே வரும் தண்ணீருக்கு ஓடத் தெம்பு இருக்காது. பொறியாளர்கள் அழகு என்று சொல்வது இதைத்தான், ஒத்துக்கொள்ளத் தோன்றுகிறது.

சிங்காராவில் இதைக் கட்டியவர்களுக்கு அழகை ரசிக்க நேரம் இருந்திருக்காது. கீழே மலேரியாக் காடு, யானைத் தடம். மேலே குளிர், மழை. நடுவில் சாலை போட முடியாத சரிவு. ஆட்களையும் சாமான்களையும் சரிவில் ஏற்றி இறக்கக் கம்பிவடத்தில் இழுபடும் வண்டிப்பாதை ஒன்று அமைந்தது. விஞ்ச் என்று ஈபிக்காரர்கள் சொல்லும் அந்த வண்டி, கிளென்மார்கனுக்கும் சிங்காராவுக்கும் இடையே பின்னாளிலும் ஊழியர்களைச் சுமந்தது. வேலை செய்தவர்களின் பெயர்கள் எங்கும் கல்லில் இல்லை. தலைமைப் பொறியாளர் பெயர் இருக்கிறது, கவர்னர் பெயர் இருக்கிறது.

1932இல் மூன்று எந்திரங்கள் ஓடத் தொடங்கின. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 7 மெகாவாட். இன்றைய ஒரு தனிக் காற்றாலையே 2, 3 மெகாவாட் தருகிறது என்பதால் இது சின்னதாகத் தெரியும். ஆனால் 66 கிலோவோல்ட் கம்பி மலையிறங்கிக் கோவைக்கு வந்தபோது, அங்கே ஊரே வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தது. மந்தத்தில் பருத்தி விலையும் நிலத்தின் விலையும் சரிந்துகிடந்தன. நிலத்தில் பணம் போட்டுப் பழகிய கொங்கு நாட்டுக் குடும்பங்கள் அதை எங்கே போடுவது என்று தேடிக்கொண்டிருந்த நேரம். கரி வேண்டாம், கொதிகலன் வேண்டாம், புகைபோக்கி வேண்டாம், கம்பியை இழுத்து மோட்டாரை மாட்டினால் மில் ஓடும் என்ற செய்தி வந்தது. 1930களில் கோவையைச் சுற்றி நூற்பாலைகள் முளைத்த வேகத்துக்கு இதுதான் காரணம்.

மில்லைப் பற்றி எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். எனக்குக் கிணறுதான் பெரிதாகத் தெரிகிறது. கொங்கு நாட்டுக் கிணறுகள் பாறையை உடைத்து இறக்கிய ஆழக் கிணறுகள். இரண்டு மாடு பூட்டிக் கவலை இறைத்தால், விடிவதற்கு முன் தொடங்கி மாடு களைக்கும்வரை இறைக்கலாம். தண்ணீர் கீழே போகப் போக இறைக்கும் அளவும் குறையும். பைகாரா கரண்டு கிணற்றுமேட்டுக்கு வந்ததும் கவலை மாடு ஓய்ந்தது. பம்புசெட் வேண்டும் என்று உழவர்கள் கேட்க, அதைச் செய்யக் கோவைப் பட்டறைகள் முன்வந்தன. பீளமேட்டில் பி.எஸ்.ஜி. தொழிற்பள்ளி 1926லேயே தொடங்கியிருந்தது. பட்டறையில் வார்ப்படம் பழகிய கைகள் பம்புக்கு மாறின. இந்தியாவில் செய்த முதல் மின்மோட்டார் 1937இல் கோவையில், டி. பாலசுந்தரம் நாயுடுவின் முயற்சியில் உருவானது என்பார்கள். மரக்காணம் உப்பளத்துக்காரரும் வானூர் மணிலாக்கொட்டை விவசாயியும் இன்றைக்கும் கோயமுத்தூர் மோட்டார் என்று பெயர் சொல்லிக் கேட்டு வாங்குகிறார்களே, அந்தப் பெயரின் வேர் சிங்காராவில் இருக்கிறது.

மேட்டூருக்கு வருவோம். அணை 1934இல் முடிந்தது. 1937இல் அடிவாரத்தில் பவர் ஹவுஸ் ஓடியது, ஒவ்வோர் எந்திரமும் 10 மெகாவாட். அணை கட்டியது டெல்டா பாசனத்துக்கு. ஜூன் 12இல் திறந்தால் ஜனவரி 28இல் மூடுவார்கள். மூடிவிட்டால் பவர் ஹவுஸுக்கு வேலை இல்லை. கோடை நாலரை மாதம் யாருக்காவது கரண்டு வேண்டாம் என்று சொல்ல முடியுமா? பைகாராவிடம் அந்தப் பிரச்சினை இல்லை. அதன் நீர் பாசனத்துக்குக் கடன்பட்டதல்ல. முக்கூர்த்தியில் 1938இல் கட்டிய அணையில் மழைநீரைத் தேக்கி, வேண்டியபோது இறக்கலாம். இரண்டு நிலையங்களின் கம்பிகளையும் ஈரோட்டில் முடிச்சுப் போட்டார்கள். காவிரி ஓடும்போது மேட்டூர் சுமக்கட்டும், பைகாரா ஏரியில் தண்ணீரைச் சேமிக்கட்டும். காவிரி அடைத்ததும் பைகாரா சுமக்கட்டும். கிரிட் என்று இன்று நாம் பேசும் விஷயத்தின் தமிழ்நாட்டுப் பிறப்பிடம் ஈரோடு. பின்னால் 1944இல் பாபநாசம் பவர் ஹவுஸ் வந்தது, அதுவும் அந்த முடிச்சில் சேர்ந்தது. தாமிரபரணிக்கு இரண்டு பருவமழையும் பங்கு தருகின்றன. ஆக, மூன்று இடத்து மழை, மூன்று காலத்து நீர், ஒரே கம்பி.

பைகாராவும் வளர்ந்துகொண்டே போனது. முதல் மூன்றின் பக்கத்தில் 11 மெகாவாட் எந்திரம் வந்தது, பிறகு 13.6 மெகாவாட் எந்திரங்கள் இரண்டு. சிங்காராவில் வேலை முடித்து வெளியே வரும் தண்ணீரை வீணாக்காமல் கால்வாயில் கொண்டுபோய், மாயார் பள்ளத்தாக்கில் இன்னொருமுறை விழவைத்தார்கள். 1950களின் தொடக்கத்தில் மாயார் நிலையம் 12 மெகாவாட் எந்திரங்கள் மூன்றுடன் தயாரானது. அங்கிருந்து அதே நீர் பவானிசாகர் போகிறது, பவானி ஆறாகிக் காவிரியில் கலக்கிறது. ஒரு மழைத்துளியிடம் எத்தனைமுறை வேலை வாங்கலாம் என்பதில் நம் பொறியாளர்கள் கஞ்சர்கள்.

காமராஜர் காலத்தில் நீலகிரியிலேயே குந்தா நீர்மின் திட்டம் வந்தது. ஆர். வெங்கடராமன் மின்சாரத்தைக் கவனித்த அமைச்சர். கனடா, கொழும்புத் திட்டத்தின்கீழ் உதவியது. 1957இல் மின்வாரியம் அமைந்தது. பென்னிகுயிக் 1895இல் பாசனத்துக்காக மலையைக் குடைந்து கொண்டுவந்த பெரியாற்று நீரையும் லோயர் கேம்பில் எந்திரத்தில் இறக்கினார்கள். இப்படிச் சேர்ந்து சேர்ந்து இன்று தமிழ்நாட்டில் 47 நீர்மின் நிலையங்கள், 2,321 மெகாவாட் சொச்சம். இந்த அத்தியாயம் நன்றாகத் தெரிந்ததுதான், அதனால் நகர்கிறேன். குழந்தைகள் வளர்ந்த கதையைவிடக் கிழவர்கள் ஆன கதையில்தான் சரக்கு இருக்கிறது.

நீர்மின் நிலையத்தில் எது கிழடாகிறது? அணை நூறு வருஷம் தாண்டும். பென்னிகுயிக் குகைக்கு 130 வயது ஆகிறது. குழாய் உள்ளே துருப்பிடித்து மெலியும். மீயொலிக் கருவியை வெளியே வைத்து எவ்வளவு தடிமன் மிச்சம் என்று அளந்து, பலவீனமான துண்டை மாற்றலாம். சக்கரத்தின் கிண்ணங்களை மணல் அரிக்கும். மேட்டூர் போன்ற தாழ்ந்த நிலையங்களில் இருப்பது பிரான்சிஸ் வகைச் சக்கரம். அங்கே வேகமாய் ஓடும் நீரில் அழுத்தம் குறைந்து குமிழி பிறந்து, இரும்பின்மேல் பட்டு வெடித்து, அம்மைத் தழும்பு போட்டதுபோல் குழிகுழியாக்கும். ஆண்டுப் பராமரிப்பு ஷட்டவுனில் வெல்டர் உள்ளே இறங்கி அந்தக் குழிகளை நிரப்பித் தேய்த்துவிட்டு வருவார். எத்தனை வருஷம் நிரப்புவது? ஒரு கட்டத்தில் சக்கரத்தில் முதலில் வார்த்த இரும்பைவிட வெல்டிங் அதிகமாகிவிடும். வளைவு கெட்டு, திறன் இறங்கும்.

ஆனால் பெரும்பாலும் முதலில் சாவது சக்கரம் அல்ல, ஜெனரேட்டரின் கம்பிச் சுருளைப் போர்த்தியிருக்கும் காப்பு. அந்தக் காலத்தில் அப்பிரகத் தகட்டைக் கீல் போன்ற பசையில் தோய்த்துச் செம்பின்மேல் தடிமனாகச் சுற்றினார்கள். சூடாகிச் சூடாகி, ஆறி ஆறி, முப்பது நாற்பது வருஷத்தில் அந்தப் போர்வை உலர்ந்து விரியும். ஒருநாள் மின்சாரம் வெடிப்பு வழியாகத் தாவும். அதோடு சுருள் கரி.

இங்கேதான் புதுப்பித்தலின் ரகசியம் இருக்கிறது. இப்போது அப்பிரகத்தோடு எபாக்ஸிப் பிசின் சேர்த்துச் சுற்றுகிறார்கள். இது பழையதைவிட மெல்லியது, அதிகச் சூடும் தாங்கும். சுருள் உட்காரும் இரும்புக் காடி பழைய அளவுதான். போர்வை மெலிந்தால் அந்தக் காடிக்குள்ளேயே கூடுதல் செம்பு நுழையும். கூடுதல் செம்பில் கூடுதல் மின்சாரம் ஓடும். சக்கரத்தையும் கணினி வடிவமைப்பில், துருவேறாத எஃகில் கடைந்து மாற்றிவிட்டால், முன்பு பத்தில் ஒன்றரைப் பங்கு வீணான சக்தியில் பாதியை மிச்சம் பிடிக்கலாம். அணை அதே, குழாய் அதே, கட்டடம் அதே. எந்திரம் மட்டும் முன்பைவிடப் பலசாலி. பாபநாசத்தில் 7 மெகாவாட்டாகப் பிறந்த எந்திரங்கள் 8 ஆனது இப்படி. மேட்டூர் அணை நிலையத்தில் 10 மெகாவாட் 12.5 ஆனது. பெரியாறு நிலையத்தில் 35ஆக இருந்தது 42 ஆனது. ஒரு ஏக்கர் நிலமும் மூழ்கவில்லை, ஒரு குடும்பமும் இடம்பெயரவில்லை.

கட்டுப்பாட்டு அறையிலும் தலைமுறை மாறியது. எந்திரத்தின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பழைய கவர்னர் கருவியில் இரண்டு இரும்புக் குண்டுகள் சுழலும். வேகம் கூடினால் குண்டுகள் விலகும், எண்ணெய் அழுத்தம் நகரும், நீர் குறையும். வேகம் இறங்கினால் நெருங்கும், நீர் கூடும். கண்ணால் பார்த்தே எந்திரத்தின் மனநிலையைச் சொல்லிவிடும் ஆபரேட்டர்கள் இருந்தார்கள். இப்போது அந்த வேலையை டிஜிட்டல் கவர்னர் செய்கிறது. எந்திரத்துக்குக் காந்தம் ஏற்றிய சின்ன டைனமோவின் இடத்தில் மின்னணுப் பெட்டி. கார்பன் பிரஷ் தேய்ந்து பறக்கும் கரித்தூளும் பெருமளவு குறைந்தது.

மத்திய அரசு 1987இல் ஒரு குழு போட்டு, நாடெங்கும் 55 நீர்மின் திட்டங்களைப் புதுப்பிக்கப் பட்டியலிட்டது. அதன்பிறகும் இந்த வேலை நத்தை வேகத்தில்தான் போனது. காரணம் தொழில்நுட்பம் அல்ல என்பது என் எண்ணம். புது அணைக்கு அடிக்கல் உண்டு, திறப்பு விழா உண்டு, பெயர்ப் பலகை உண்டு. பழைய ஜெனரேட்டருக்குச் சுருள் மாற்றினால் யார் ரிப்பன் வெட்டுவது? அதோடு, மாற்றும்வரை அந்த யூனிட் பல மாதம் நிற்க வேண்டும். கரண்டு பற்றாக்குறை நாட்களில் ஓடுகிற எந்திரத்தை நிறுத்தும் கோப்பில் கையெழுத்துப் போட எந்த அதிகாரிக்கும் மனசு வராது.

பைகாராவுக்கு வேறு மாதிரி வைத்தியம் நடந்தது. கிழ எந்திரத்துக்குப் புது ரத்தம் ஏற்றாமல், பக்கத்திலேயே மலைக்குள் குடைந்து வாரிசு ஒன்றைப் பெற்றார்கள். பைகாரா இறுதிநிலைத் திட்டம் என்று பெயர். 2005இல் ஓடியது; நிலத்தடிக் குகையில் 50 மெகாவாட் எந்திரங்கள் மூன்று. பழைய நிலையம் மொத்தமே 59 மெகாவாட் சொச்சம், இது 150. தண்ணீர் கூடிவிட்டதா என்றால் இல்லை. அதே ஆற்று நீர்தான். பழையது நாள் முழுக்க நிதானமாகச் செலவழித்ததை, இது மாலை விளக்கு நேரத்தில் சில மணிநேரத்தில் செலவழிக்கும். 1932இல் கோவை மில்லுக்கு இருபத்துநாலு மணிநேரமும் கரண்டு தேவைப்பட்டது. அதற்கேற்ற எந்திரம் போட்டார்கள். இன்று வேண்டியது கேட்டவுடன் எழுந்து ஓடி, சொன்னவுடன் உட்காரும் எந்திரம். அனல்மின் நிலையம் சூடாகி ஓடப் பல மணிநேரம் ஆகும். நீர்ச் சக்கரத்துக்குச் சில நிமிஷம் போதும்.

இதற்குக் காடு கொடுத்த விலையையும் சொல்ல வேண்டும். சிங்காரா, மசினகுடிப் பகுதி யானைகள் கிழக்குத் தொடர்ச்சிக்கும் மேற்குத் தொடர்ச்சிக்கும் இடையே போய்வரும் வழி. அதன் குறுக்கே குழாய், மாயாருக்குப் போகும் திறந்த கால்வாய். அரை நூற்றாண்டுக்கும் மேலாக யானைகள் அந்தக் கால்வாயில் பாலம் தேடி நடக்கின்றன. இந்த நிலத்தடி நிலையத்தின் பக்கத்தில்தான் நியூட்ரினோ ஆய்வுக்கூடம் கட்ட முதலில் இடம் பார்த்தார்கள். 2009இல் வனத்தின் காரணமாக அனுமதி கிடைக்கவில்லை, தேனிக்குப் போனது. இன்று பைகாராவைப் புதிதாகக் கட்ட வேண்டியிருந்தால் அனுமதி கிடைக்குமா? கிடைக்காது, கிடைக்கவும் கூடாது. இருப்பதைப் பேணுவதற்கு இதைவிடப் பெரிய வாதம் எனக்குத் தெரியவில்லை.

எந்திரத்தை மாற்றலாம். ஏரியை மாற்ற முடியாது. குந்தாப் பக்கம் மலைச்சரிவுகளில் உருளைக்கிழங்கும் கேரட்டும் பயிராகின்றன. ஒவ்வொரு மழைக்கும் மேல்மண் கரைந்து ஏரிக்குள் இறங்குகிறது. குந்தா பாலம், பெகும்பஹள்ளா தேக்கங்களில் சேறு ஏறி, நீரின் இடத்தை மண் பிடித்துக்கொண்டது; தூர்வாருவது பெரிய செலவு, வாரிய சேற்றைக் கொட்ட மலையில் இடமும் இல்லை. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அந்த மழை சரிவுகளிலிருந்து எவ்வளவு மண்ணை வழித்துக்கொண்டு போயிருக்கும் என்று யோசித்தால், புதுச் சக்கரம் மாட்டிய மகிழ்ச்சி பாதியாகிவிடுகிறது. மேட்டூரின் நோய் வேறு. 2012 முதல் 2019 வரை ஒரு வருஷம்கூட ஜூன் 12இல் அணையைத் திறக்க முடியவில்லை. 10 மெகாவாட்டை 12.5 ஆக்கியவர்கள் என்ன செய்வார்கள்? தண்ணீர் கிருஷ்ணராஜசாகரத்தைத் தாண்டி வந்தால்தானே.

இந்தக் கிழவர்களுக்கு இப்போது புது உத்தியோகம் வந்திருக்கிறது. தமிழ்நாட்டில் காற்றாலைகள் மட்டுமே 10,000 மெகாவாட்டுக்கு மேல்; சூரிய மின்சாரமும் அதே அளவுக்கு ஓடி வருகிறது. குயிலாப்பாளையத்தைச் சுற்றி ஆரோவில்காரர்கள் இந்தப் பரிசோதனையை முன்பே தொடங்கிவிட்டார்கள். 15 மீட்டர் அகல ஆடிக் கிண்ணத்தில் வெயிலைப் பிடித்து நீராவியாக்கிச் சமைக்கும் சூரியச் சமையற்கூடத்தை இங்கே எல்லோருக்கும் தெரியும். ஊருக்குள்ளும் கூரைகளில் பலகைகள் ஏறிவிட்டன. நடுப்பகலில் மாநிலத்தில் கரண்டு வழிகிறது. ஆறு மணிக்குச் சூரியன் போனதும், எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் விளக்கு, மின்விசிறி, டிவி. நடுப்பகல் மிச்சத்தை மாலைக்குக் கொண்டுபோவது எப்படி?

அதற்கு ஒரு வழி பழைய ஏரிகளிலேயே இருக்கிறது. ஆனைமலையில் காடம்பாறை 1980களின் கடைசியிலிருந்து செய்கிற வேலை இது: கரண்டு மலிவான நேரத்தில் கீழ் ஏரி நீரை மேலே ஏற்று, தட்டுப்பாட்டு நேரத்தில் மறுபடி இறக்கு. எந்திரம் ஒரு திசையில் சுற்றினால் பம்பு, எதிர்த் திசையில் டர்பைன். 100 மெகாவாட்டில் நான்கு. ஏற்றுவதற்குச் செலவாகும் மின்சாரத்தில் கிட்டத்தட்ட முக்கால் பங்குதான் திரும்பக் கிடைக்கும். நஷ்டம்தான், ஆனால் யாருக்கும் வேண்டாத நடுப்பகல் கரண்டுக்கு என்ன விலை?

குந்தாவில் இதே வித்தை, 125 மெகாவாட்டில் நான்கு எந்திரங்களோடு கட்டுமானத்தில் இருக்கிறது. மேல் ஏரி போர்த்திமுண்டு, கீழ் ஏரி அவலாஞ்சி-எமரால்டு. இரண்டும் காமராஜர் காலத்துக் குந்தாவுக்காகக் கட்டியவை. புதிதாக வேண்டியது நடுவில் சுரங்கமும் நிலத்தடி நிலையமும் மட்டும். திட்டம் பல வருஷமாக இழுக்கிறது. மின்வாரியத்தின் பெயர் 2010இல் ஒருமுறை மாறி, 2024இல் மறுபடி பிரிந்து, நீர்மின் நிலையங்கள் பசுமை எரிசக்திக் கழகத்தின் கைக்குப் போனபிறகும் மலைக்குள் வேலை முடியவில்லை. முடிந்ததும், மரக்காணத்துக் கரை வெயிலின் ஒரு பங்கு பகலில் கம்பியேறி எமரால்டு ஏரி நீரைப் போர்த்திமுண்டுக்குத் தூக்கும். இரவு எட்டு மணிக்கு அந்தத் தண்ணீர் இறங்கி இங்கே விளக்கெரிக்கும்.